இரண்டு முறை காலமான பெர்க்கின்ஸ்

"எழுதுகிறவன் தன் பெயரை யார் யார் எங்கெங்கே சொல்லியிருக்கிறார்கள் என்று எண்ண ஆரம்பித்தால், அன்றோடு அவன் எழுத்து முடிந்தது. இந்த இருபது வருஷத்தில் நான் ஒரு புத்தகத்தின் அடிக்குறிப்பில்கூட என் பெயரைத் தேடியதில்லை. தேடவும் மாட்டேன்" என்றார் ஞானையன்.

இதை அவர் சொன்னது 1932ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் ஆசிரியர் அறையில். கல்லூரியின் பெயர் வேண்டாம். அப்படி ஒன்று இருந்தது, அதில் மணி அடித்தது, அவ்வளவு போதும். ஞானையன் அங்கே தர்க்க சாஸ்திரம் நடத்தினார். சக ஆசிரியர்களுக்கு ஏதாவது புரியாமல் போனால் அதைப் புரியவைக்கும் வேலையையும் சம்பளமில்லாமல் பார்த்து வந்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர் மரியஜான். முட்டத்துக்காரர், பௌதிகப் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டர். ஞானையன் சொல்வதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைப்பது அவர் வழக்கம். இதையும் எழுதினார்.

அப்போது நூலகர் ஏசுஅடிமை ஒரு நீளமான மரப்பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"திங்கக்கெழம எனக்க ஜோலி போயிரும் சார்."

"எதற்கு?"

"செத்துப்போன ஆளை எண்ணிட்டேனாம். அதும் ரெண்டு தடவ செத்த ஆளை."

மரியஜான் புதுப் பக்கம் திருப்பினார்.

விஷயம் இதுதான். சரித்திரப் பிரிவில் ஒரு விரிவுரையாளர் இடம் காலி. அதே பிரிவில் டியூட்டர்களாக இருந்த சுந்தரராஜும் பெர்க்கின்ஸும் மனுப் போட்டிருந்தார்கள். இருவரில் யார் சிறந்த ஆராய்ச்சியாளர் என்று தெரிய வேண்டுமானால் இருவர் எழுதியதையும் படிக்க வேண்டும். அந்தச் சங்கடத்திலிருந்து தப்ப பிரின்சிபால் ஒரு வழி கண்டுபிடித்தார். அமெரிக்காவில் எந்தப் பத்திரிகையை வாங்கலாம் என்பதை, அது மற்றவர்களுடைய அடிக்குறிப்புகளில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி முடிவு செய்கிறார்களாம். பத்திரிகைக்குப் பொருந்துவது மனுஷனுக்குப் பொருந்தாமல் போகுமா?

எண்ணும் பொறுப்பு ஏசுஅடிமையிடம் வந்தது. தென் திருவிதாங்கூர் சரித்திரம் பற்றி நூலகத்தில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு வால்யூம்களை ஆறு வாரம் புரட்டினார். அடிக்குறிப்பில் ஒரு பெயர் வந்தால் ஒரு சீட்டு. சீட்டுகளைப் பெயர்வாரியாகக் கட்டிப் பெட்டியில் அடுக்கினார். பெர்க்கின்ஸுக்கு நாற்பத்தேழு. சுந்தரராஜுக்கு இருபத்தொன்பது.

சுந்தரராஜ் நூலகத்துக்கு வந்து பெர்க்கின்ஸின் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். 1890இல் வந்த ஒரு புத்தகம் 'காலஞ்சென்ற பெர்க்கின்ஸ்' என்றது. 1912இல் வந்த ஒரு சஞ்சிகை 'அண்மையில் காலமான பெர்க்கின்ஸ்' என்றது. இந்த நேரத்தில் பெர்க்கின்ஸ் எதிரே காப்பிக்கடையில் வடை தின்றுகொண்டிருந்தார். நூலகரும் பெர்க்கின்ஸும் இராஜாக்கமங்கலத்துக்காரர்கள்; யாருடைய சீட்டுகளையோ ஊர்க்காரன் கட்டில் சேர்த்துவிட்டார் என்று சுந்தரராஜ் புகார் எழுதினார். பிரின்சிபால் பத்துச் சீட்டுகளைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். பத்தும் சரி. அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

ஞானையன் பெட்டியைத் திறந்தார். சீட்டுகளை ஒவ்வொரு கட்டாகத் தொட்டுக்கொண்டே போனவர், எல்லாவற்றிலும் பெரிய கட்டைக் கையில் எடுத்தார். மேலே 'இபிட் - 61' என்று எழுதியிருந்தது.

"இது யார்?"

"வெள்ளக்காரராக்கும் சார். பெரிய ஆளு. பெர்க்கின்ஸ் வந்தா அடுத்தாப்ல இவரு. சுந்தரராஜ் வந்தாலும் அடுத்தாப்ல இவரு. எல்லாருக்கும் இவரைத் தெரிஞ்சிருக்கு. ஆனா அப்ளிகேஷன் போடல."

"ஆள் இல்லை ஓய். 'மேலே சொன்ன அதே புத்தகம்' என்பதை லத்தீனில் அப்படிச் சுருக்கி எழுதுவார்கள்."

"லத்தீனா? எங்க பூசையில இப்படி ஒண்ணு வந்ததில்லியே" என்றார் மரியஜான்.

ஏசுஅடிமை அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆறு வாரமாக அவர் மனசார மதித்து வந்த ஒரே ஆள் இந்த இபிட்தான்.

"சார், இது ஆவிதான்" என்று மரியஜான் மெதுவாகச் சொன்னார். "ரெண்டு தடவ செத்தவன் வடை திங்கானுன்னா வேற என்ன?"

"ஆவி மனுப் போடாது ஓய்."

"அதும் சரிதான். ஆனா எங்க ஊர்ல சகாயமாதா ரெண்டு தடவ முங்கினது. இன்னைக்கும் கடலுக்குப் போயிட்டுத்தான் இருக்கு."

"எப்படி?"

"வள்ளம் ஒடஞ்சா அடுத்த வள்ளத்துக்கும் அதே பேருதான் சார். பேரு மாறினா மீனுக்கு அடையாளம் தெரியாதுல்லா."

ஞானையன் காப்பியைக் கீழே வைத்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு காப்பிக்கடைக்கு நடந்தார்.

பெர்க்கின்ஸுக்கு இருபத்தேழு வயது. இரண்டு முறை செத்தவர் போல இல்லை, நல்ல நிறமாக இருந்தார்.

"வீட்டில் உம்மை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்?" என்று கேட்டார் ஞானையன்.

"முத்துநாயகம். ஏழு வயசுல மிஷன் போர்டிங்ல சேத்தாவ. அன்னைக்குப் பெர்க்கின்ஸ்னு ஆக்கினாவ. அம்மைக்கு இன்னும் வாயில வரல."

"எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறீர்?"

"ரெண்டு."

"ரெண்டு கட்டுரையை நாற்பத்தேழு இடத்தில் சொல்லியிருக்கிறார்கள் என்றபோது உமக்குச் சந்தேகம் வரவில்லையா?"

"வந்துது சார். கேட்டா கொறஞ்சிருமோன்னு கேக்கல."

அன்று மாலை ஞானையன் மிஷன் அலுவலகத்தில் பழைய ரிஜிஸ்தர்களோடு மூன்று மணி நேரம் இருந்தார். மரியஜானை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். மரியஜானுக்கு வருத்தம்தான்.

திங்கட்கிழமை காலை பிரின்சிபாலின் அறையில் எல்லோரும் கூடினார்கள். பிரின்சிபால், சுந்தரராஜ், பெர்க்கின்ஸ் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள்; ஓரமாக நோட்டோடு மரியஜானும். ஏசுஅடிமை மட்டும் பெட்டியோடு நின்றார். உட்காரச் சொல்லுமளவுக்கு அவருடைய வேலை உறுதியாக இல்லை.

"முதலில் நூலகர்" என்று ஞானையன் ஆரம்பித்தார். "ஊர்க்காரனுக்கு உதவ நினைத்திருந்தால் அவர் கையில் இபிட் சீட்டு அறுபத்தொன்று இருந்தது. கேட்பாரற்ற சீட்டு. பெர்க்கின்ஸின் கட்டில் முப்பதைத் தள்ளியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இவர் அதற்குத் தனிக் கட்டுப் போட்டு, மரியாதையாகப் பெயரும் எழுதிவைத்திருக்கிறார். பொய்க்கணக்கு எழுதுகிறவன் இப்படிச் செய்யமாட்டான்."

"அப்படியானால் செத்த பெர்க்கின்ஸ்?" என்றார் பிரின்சிபால்.

"இருவர் செத்தார்கள். ஒருவர் உயிரோடு இருக்கிறார். ஆக மூன்று பெர்க்கின்ஸ். சீமையில் ஒரு பெர்க்கின்ஸ் குடும்பம் இந்த மிஷனுக்கு உதவி அனுப்பிவந்தது. ஒரே நிபந்தனை, உதவி வாங்குகிறவன் தங்கள் குடும்பப் பெயரைத் தாங்க வேண்டும். ஒருவர் இறந்தால் உதவி நிற்காது, பெயரும் நிற்காது. இரண்டும் அடுத்த ஆளுக்குப் போகும். முதல் பெர்க்கின்ஸ் உபதேசியார், 1889இல் காலமானார். பனையேறிகளின் வழக்கங்களைப் பற்றி எழுதினார். அடுத்தவர் 1911இல் காலமானார். குளங்களையும் கால்வாய்களையும் பற்றி எழுதினார். அடுத்த வருஷம் ஏழு வயது முத்துநாயகத்துக்கு அந்தப் பெயர் வந்தது. முட்டத்து வள்ளத்துக்கு வருகிற மாதிரி."

மரியஜான் தன் பெயரும் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

"நாற்பத்தேழில் இருபத்தாறு முதலாமவருக்கு. பதினேழு இரண்டாமவருக்கு. இங்கே உட்கார்ந்திருப்பவருக்கு நான்கு."

சுந்தரராஜ் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "எனக்கு இருபத்தொன்பது."

"உமக்கு இருபத்தொன்பதுதான். அதில் இருபத்தைந்து நீரே எழுதிய கட்டுரைகளில் உம்மையே காட்டியது."

"என் விஷயத்தில் என்னைவிட ஆதாரமானவர் யார்?"

"யாருமில்லை. மற்றவர்கள் சொன்னது நான்கு."

"நாலுக்கு நாலா?" என்றார் பிரின்சிபால். முகம் வாடிவிட்டது.

"பொறுங்கள். சுந்தரராஜின் நான்கில் மூன்று, காமிரா இரவல் கொடுத்ததற்கு நன்றி. பெர்க்கின்ஸின் நான்கில் மூன்று, அவர் சொன்னது தப்பு என்று திட்டியவை. திட்டினாலும் ஒன்று, கும்பிட்டாலும் ஒன்று என்று போகிற கணக்கு இது. இதை வைத்து ஒரு மனுஷனை அளக்கிறவன் தன் சவரக் கண்ணாடியை எடை போட்டு முகத்தைத் தெரிந்துகொள்ளலாம்."

"வேறு வழி?"

"இருவர் எழுதியதையும் படிக்கலாம்."



"எத்தனை பக்கம் இருக்கும்?" என்று பிரின்சிபால் கேட்டார்.

"நூற்றிருபது."

பிரின்சிபால் ஜன்னல் வழியாகப் புளியமரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். ஏசுஅடிமையின் மேல் குற்றமில்லை, வேலை அவருடையதே. ஆனால் இபிட் சீட்டு அறுபத்தொன்றும் யார் யாருக்குச் சேர வேண்டும் என்று பிரித்து எழுதாமல் எந்த முடிவுக்கும் வர முடியாது. நூலகர் திரும்ப எண்ண வேண்டும். பக்கத்தில் இருந்து ஞானையன் சரிபார்க்க வேண்டும்.

"உக்காரும் ஓய்" என்றார் ஞானையன் நூலகரிடம். ஏசுஅடிமை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அழுதாரா இல்லையா என்று பெட்டி மறைத்ததால் தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஏசுஅடிமை காப்பி குடிக்கப் போயிருந்தார். மரியஜான் ஒரு சந்தேகம் கேட்பதற்காக நூலகத்துக்குள் நுழைந்தார். ஞானையன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பெட்டியில் 'ஞ' என்று எழுதிய அட்டைக்குப் பின்னால் அவர் விரல் இருந்தது.

அங்கே ஒரே ஒரு சீட்டு. ஞானையன் அதை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். '1926. பக்கம் 83. ஞானையனின் இந்தக் கருத்து முற்றிலும் தவறு.' பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

சீட்டை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, இபிட் கட்டை அவிழ்த்து, அதே புத்தகத்தில் அதே பக்கத்திலிருந்து வந்த சீட்டு எதுவும் உண்டா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். முப்பத்தெட்டாவது சீட்டில் விரல் நின்றது.

"ரெண்டு" என்றார், யாருக்கும் கேட்காதபடி.