ஈரச் சுண்ணாம்புக் கோடு

காலை மணி ஏழு பத்து. கடற்கரைச் சாலையில், முன்பு பஞ்சு மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கியின் கதவைத் திறந்த டென்னிஸ் சங்கக் காரியதரிசி ஜீவமணி, உள்ளே நாலடி வைத்ததும் நின்றுவிட்டார். ஆடுகளத்தின் கடல்பக்கக் கடைசிக் கோட்டுக்கு அப்பால் ஒரு குட்டை முக்காலி இருந்தது. அதன்மேல் வைத்திருந்த வெள்ளிப் பரிசுக் கோப்பையைக் காணவில்லை.

ஏழரைக்கு சப்-இன்ஸ்பெக்டர் தேவபிரசாதம் மழையில் சொட்டச் சொட்ட நனைந்து வந்து சேர்ந்தார். மாலை நாலு மணி இறுதி ஆட்டத்துக்கு வாங்கிய சீட்டு அவர் சட்டைப்பையில் ஊறிக்கொண்டிருந்தது. திருடனுக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா என்று அவருக்கு ஒரே எரிச்சல்.

அது 1946, ஐப்பசி. வெளியே அடைமழை என்பதால்தான் போட்டியைக் கிட்டங்கிக்குள் வைத்திருந்தார்கள். ஆட வந்த பதினாறு பேரும் மார்க்கர்கள். துரைமார் கிளப்புகளில் சம்பளத்துக்கு இருந்து, துரைமாருக்கு டென்னிஸ் கற்றுக்கொடுக்கிறவர்கள். துரைமாரைவிட நன்றாக ஆடினாலும், காசுக்கு ஆடுகிறவர்கள் என்று மற்றப் போட்டிகளில் வாசலோடு நிறுத்திவிடுவார்கள். இது அவர்களுக்கென்றே நடத்திய போட்டி. ஜெயிப்பவருக்குச் சென்னையில் தலைமைப் பயிற்சியாளர் வேலை காத்திருந்தது.

இறுதி ஆட்டத்தில் கல்கத்தாக்காரர் ஒருவரோடு மோத இருந்தவர் உள்ளூர் மார்க்கர் அய்யாக்குட்டி. இப்போது அவர்தான் கிட்டங்கி மூலையில் ராக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

கிட்டங்கிச் சாவி எப்போதும் காவல் கொட்டகை ஆணியில்தான் தொங்கும் என்றும், அது அய்யாக்குட்டிக்கும், தனக்கும், கோப்பையை அன்பளிப்பாகக் கொடுத்த முத்து வியாபாரி சங்கரபாண்டியனுக்கும் மட்டுமே தெரியும் என்றும் ஜீவமணி சொன்னார். வாய் நிறைய வெற்றிலை. பேசப் பேச அவர் வெள்ளைச் சட்டையில் சிவப்புப் புள்ளிகள் கூடிக்கொண்டே போயின.

“இவனப் புடிச்சு உள்ள வைங்க சார். காலைல இங்கன இருந்தது இவன் ஒருத்தன்தான்.”

தேவபிரசாதம் அய்யாக்குட்டியை அருகே அழைத்தார்.

“எப்பம்வே வந்தீரு?”

“அஞ்சரைக்குய்யா. கோடு எல்லாம் மங்கிப்போச்சு. சுண்ணாம்பு கரைச்சு புதுசா போட்டேன்.”

“அப்போ கோப்பை?”

“இருந்துச்சு. ஆறு மணிக்குப் பூட்டிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வாரதுக்குள்ள இப்பிடி.” ராக்கெட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். “திருட்டுப்பட்டம் ஒருதரம் ஒட்டிட்டா எந்தக் கிளப்புலயும் வாசல மிதிக்க முடியாதுய்யா. எனக்கு இந்த ஆட்டத்தத் தவுர வேற ஒண்ணும் தெரியாது.”

தேவபிரசாதத்துக்கு மனசு கனத்தது. முழங்கால் வீங்கி ஆட்டத்தை விடும்வரை அவருக்குப் பந்து போட்டவர் இதே அய்யாக்குட்டிதான். ஆனால் இரக்கத்தை வைத்து வழக்கை மூட முடியாதே. அவர் குனிந்து கோட்டைப் பார்த்தார்.

சிப்பிச் சுண்ணாம்பு. மழைக்கால ஈரத்தில் இன்னமும் உலரவில்லை. கோட்டின்மேல் காலடித் தடம் எங்கும் இல்லை. வந்தவன் கோட்டை எச்சரிக்கையாகத் தாண்டியிருக்கிறான். ஆனால் முக்காலிக்கு நேராக, நாலு விரல் அகலத்துக்குக் கோடு இழுபட்டிருந்தது. துணி உரசிய தடம். குட்டை முக்காலியிலிருந்து சத்தமில்லாமல் எடுக்கக் கோட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்திருக்கிறான். இழுபட்ட இடம் லேசாகச் சிவந்திருந்தது.

“செங்கல் தூசியா இருக்கும்” என்றார் ஜீவமணி. தேவபிரசாதம் அவர் சட்டையை ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடி கோட்டுக்குத் திரும்பினார்.

மணி எட்டு. கான்ஸ்டபிள் நல்லக்கண்ணுவிடம் ஜீவமணி வெற்றிலைச் செல்லத்தை நீட்டினார். நல்லக்கண்ணு பின்வாங்கினார். “சஷ்டி வெரதம் சார். அஞ்சு நாளா வாய் சப்புன்னு கெடக்கு. நாளைக்குத் திருச்செந்தூர்ல சூரசம்காரம் பாத்த பெறகுதான் வெத்தலயே.”

பரிசு கொடுக்கக் கலெக்டர் வருவதாக இருந்தது, அவருக்குக் காய்ச்சல், பதிலாகக் கொழும்பிலிருந்து பெரிய முத்து வியாபாரி ஒருவர் வருகிறார், நேற்றுச் சாயந்திரம்தான் தந்தி வந்தது, சங்கரபாண்டியனுக்கும் அப்போதே சொல்லியனுப்பினேன் என்று ஜீவமணி தலையில் கைவைத்துக்கொண்டார். கோப்பையின் விளிம்பில் ஏழு முத்து பதித்திருந்ததாம். வந்தவர் எதைத் தொட்டுப் பார்ப்பார் என்று அங்கலாய்த்தார்.

எட்டேகாலுக்குச் சங்கரபாண்டியன் குதிரைவண்டியில் வந்து இறங்கினார். நெற்றி நிறையத் திருநீறு, விரதத்துக்காக மஞ்சளில் முக்கியெடுத்த வேட்டி. மழைச் சேற்றுக்குப் பயந்து அதை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். நல்லக்கண்ணு காப்பி கொண்டுவந்து நீட்ட, விரத காலத்தில் பச்சைத் தண்ணீர்கூட உச்சிப் பூசைக்குப் பிறகுதான் என்று கையெடுத்துக் கும்பிட்டார். கோப்பை போனதற்கு வருத்தப்பட்டார். ஆனால் அய்யாக்குட்டி ஏழை, அவனை விட்டுவிடலாம், வேறு கோப்பை வாங்கித் தருகிறேன் என்று பெருந்தன்மையாகவும் பேசினார்.

பேசிக்கொண்டே மடிப்பை அவிழ்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பின்பக்கக் கரை நாற்காலியின் பக்கவாட்டில் வந்து விழுந்தது. அதில் நாலு விரல் அகலத்துக்குச் சிவப்பு.

தேவபிரசாதத்தின் கண் போன இடத்துக்குச் சங்கரபாண்டியன் கண்ணும் போனது. “காலைல வெத்தல போட்டேன். எச்சி பட்டுட்டு” என்றார் அவசரமாக.

தேவபிரசாதம் எழுந்துபோய், ஆட்டக்காரர்களுக்குச் சர்பத் போட வைத்திருந்த கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து இரண்டாக நறுக்கினார். முதலில் ஜீவமணியின் சட்டைப் புள்ளியில் பிழிந்தார். ஜீவமணி துள்ளிக் குதித்தார். புள்ளி சற்று மங்கினாலும் சிவப்பாகவே இருந்தது.

“அண்ணாச்சி, அந்தக் கரையக் கொஞ்சம் காட்டுங்க.”

இரண்டாவது மூடியைப் பிழிந்ததும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேட்டிக் கரையின் சிவப்பு கரைந்து பழையபடி மஞ்சளாயிற்று.

“நல்லக்கண்ணு, ஆரத்தித் தண்ணி எப்படிவே செவக்குது?”

“மஞ்சத் தண்ணில சுண்ணாம்ப விட்டா…” நல்லக்கண்ணுவின் வாய் பாதியில் நின்றது.

“புளிப்பு பட்டா திரும்ப மஞ்சளாயிரும். வெத்தலச் செவப்பு மஞ்சளாவாது. இங்க ஈரச் சுண்ணாம்பு போட்டது அஞ்சரைக்கு மேலதான். சாவி இருக்க எடம் தெரிஞ்ச மூணு பேர்ல மஞ்ச வேட்டி கட்டினவரு நீங்க ஒருத்தர்தான். குந்தும்போது பின்கரை கோட்டுல விழுந்தது உங்களுக்குத் தெரியல.” தேவபிரசாதம் குரலை உயர்த்தவே இல்லை. “தெரிஞ்சிருந்தா வேற பொய் சொல்லியிருப்பிய. பச்சத் தண்ணி குடிக்காத வெரதக்காரரு காலைல வெத்தல போட்டேன்னு சொன்னா யாரு நம்புவா, அண்ணாச்சி?”

சங்கரபாண்டியன் கரையை இழுத்து மறைத்துக்கொண்டார். தேவபிரசாதமே மீதியையும் சொன்னார். ஏழு முத்தும் கண்ணாடி மணியாகத்தான் இருக்க வேண்டும். கலெக்டர் என்றால் கைகுலுக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். கொழும்புக்காரர் விரலால் உருட்டிய மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் கடல் தாண்டி ஒரு முத்துகூட விற்க முடியாது. பழி விழ அய்யாக்குட்டி இருந்தார்.

வண்டியின் இருக்கைக்கு அடியில் கோணிக்குள் கோப்பை கிடைத்தது. தேவபிரசாதம் நகத்தால் சுரண்ட, ஒரு முத்தின் பளபளப்பு உரிந்து உள்ளே கண்ணாடி தெரிந்தது. சங்கரபாண்டியன் நல்லக்கண்ணுவோடு நடந்து போனபோது, நேற்றுவரை அவருக்கு எழுந்து நின்ற ஜீவமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு அய்யாக்குட்டி வந்து கேட்டார். “அந்தக் கோட்ட இனி சரி பண்ணலாமாய்யா?”

“நானே புடிக்கேன் வாளிய” என்றார் தேவபிரசாதம்.

நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. மழை ஓட்டுக்கூரையில் கொட்ட, ஐந்து செட்டும் இழுத்தது. ஆறே முக்காலுக்கு, இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் அய்யாக்குட்டிக்கு வெற்றி என்ற நிலையில், அவர் அடித்த பந்து கல்கத்தாக்காரரைத் தாண்டிக் கடல்பக்கக் கடைசிக் கோட்டருகே விழுந்தது. வெளியே என்றார் கல்கத்தாக்காரர். கூட்டம் இரண்டு பட்டது. நடுவர் ஜீவமணி.

ஜீவமணி நாற்காலியை விட்டு இறங்கி, நடந்து வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். மூன்று மணிக்குப் போட்ட சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. கோட்டின் நடுவில் வட்டமாக ஒரு தடம் பதிந்திருந்தது. கல்கத்தாக்காரரும் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே வலைக்கு நடந்து வந்து கை நீட்டினார்.

ஜீவமணி நிமிர்ந்தார். காலையில் உள்ளே வைக்கச் சொன்ன ஆளைப் பார்த்துக் கொஞ்சம் திணறி, பிறகு கிட்டங்கி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

“பந்து உள்ளதான். ஜெயிச்சது மிஸ்டர் அய்யாக்குட்டி.”

இருபது வருஷத்தில் அந்தச் சங்கத்தில் யாரும் அவரை மிஸ்டர் என்று அழைத்ததில்லை.