ஆள் இருந்த இடம்

எட்டாவது படத்தில், அந்தச் சாம்பல் உருவத்தின் கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. முக்கோணமாக, உள்ளங்கை அகலத்தில். அதன் வழியே பின்னாலிருந்த சுவரில் ஒரு துண்டு தெரிந்தது. நேற்றும் அது இருந்ததா என்று சின்னவளுக்கு நினைவுக்கு வரவில்லை. நேற்று முழுக்க இதே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவளுக்குப் பெயர் சின்னவள். பெரியவள் வேலைக்கென்று கடல் தாண்டிப் போய், இரண்டு முறை போனில் பேசி, பிறகு ஒரு சேதியும் இல்லாமல் போய் வருடங்கள் ஆகியும் அந்தப் பெயர் மாறவில்லை.

பல நாட்டுப் போலீசாருக்கும் படங்களை ஆராய்ந்து கொடுக்கும் அலுவலகம் அது. அவள் அங்கே பயிற்சிப் பகுப்பாய்வாளர். வேலை தருவதாகக் கூட்டிப்போய் எங்கோ அடைத்து வைக்கப்பட்ட மனிதர்களின் படங்கள், கடத்தியவர்களின் கைபேசிகளிலிருந்து எடுக்கப்பட்டு அங்கே வரும். அடைபட்ட ஆளைப் பயிற்சியாளர்கள் பார்க்கக் கூடாது. அதிகாரி ஆளின் உருவத்தை ஓரம் பிசகாமல் வெட்டியெடுத்து, அந்த இடத்தைச் சாம்பல் நிறத்தால் நிரப்பிய பிறகுதான் படம் கீழே வரும். மிச்சமிருப்பது அறை. குழாய், ஜன்னல் கொக்கி, சுவர்ப் பூச்சு இவற்றை வைத்து அது எந்த நாடு, எந்த ஊர் என்று சொல்ல வேண்டும். சாம்பலுக்கு முகம் கிடையாது. அது நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறதா, முதுகு காட்டிக்கொண்டிருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

"என்ன, அந்தச் சுவரோட குடும்பமே நடத்துறே போலிருக்கு?" என்றான் பக்கத்து மேசைக்காரன். சுவிட்சுப் பலகையைப் பார்த்தே நாட்டைச் சொல்லிவிடுவான் என்பதால் அவனை எல்லோரும் 'ஃபியூஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"உன் வேலையைப் பாருடா."

"என் வேலையைப் பார்த்துப் பார்த்துதான் கெட்டுப்போயிட்டேன். எங்கம்மா வீடியோ கால்ல வந்தாக்கூட, அவங்க முகத்தை விட்டுட்டுப் பின்னாடி இருக்கிற பிளக் பாயின்ட்டைத்தான் பார்க்கிறேன்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரையைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள்.

அக்காவின் வலது முழங்கையும் அப்படித்தான், உடம்பை விட்டு விலகியே நிற்கும். சிறு வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்து ஒடிந்தது, கோணலாகவே கூடிவிட்டது. தூங்கும்போதுகூட அந்தக் கை உடம்போடு ஒட்டாது. "இவ கைக்கு நடுவுல பூனைக்குட்டி புகுந்து போகலாம்" என்று அம்மா கேலி செய்வாள். அக்கா கோபித்துக்கொள்வதுபோல் நடிப்பாள்.

வழக்கில் தெரிந்தவர் யாராவது இருந்தால் உடனே சொல்லிவிட வேண்டும், அந்த வழக்கிலிருந்து விலக்கிவிடுவோம் என்று முதல் நாளே அதிகாரி சொல்லியிருந்தார். சின்னவள் சொல்லவில்லை. சொன்னால் படம் கையை விட்டுப் போய்விடும். தன்னைப்போல் இதைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு வேறு யார் பார்ப்பார்கள்?

இடைவெளியைப் பெரிதாக்கினாள். சுவரில் பதித்த ஓர் ஓடு. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த இரண்டு நீல இலைகள். ஒரு மூலை உடைந்து, அதில் சிமென்ட் அப்பியிருந்தது. பழைய கட்டடங்களின் படங்களில் அந்த இலைகளைத் தேடினாள். எப்போதோ மூடிவிட்ட ஒரு தொழிற்சாலை செய்த ஓடு. ஒரு துறைமுக ஊரைத் தாண்டி விற்பனைக்குப் போனதே இல்லை.

அன்று அவள் வீட்டுக்கு வந்தபோது அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க ஆபீஸ்ல அவளைப் பத்திக் கேட்டியாடி?"

"கேட்கிறேம்மா."

"ஊருல இருக்கிறவங்களை எல்லாம் தேடிக் கொடுக்கிறீங்க. கூடப் பிறந்தவளைத் தேடத்தான் உனக்கு நேரமில்லை."

சின்னவள் படுக்கையறைக்குப் போனாள். இரண்டு கட்டில்கள். அக்காவின் கட்டிலை யாரும் எடுக்கவில்லை. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஈரத்துணி வாடையும் பழைய மர அலமாரியின் வாடையும் கலந்த அந்த அறையில், மாலை வெளிச்சம் முதலில் தரையை விட்டும், பிறகு சுவரை விட்டும், கடைசியாக அலமாரிக் கண்ணாடியை விட்டும் மெல்ல விலகிப்போக, கதவும் நாற்காலியும் கொடியில் தொங்கிய சட்டையும் ஒவ்வொன்றாகக் கறுத்துக்கொண்டே வந்தன. அக்காவின் கட்டிலின் மேல் ஓர் இடம் மட்டும் கறுக்கவில்லை.

அது சாம்பலாகவே இருந்தது. தட்டையாக. அதன்மேல் வெளிச்சமும் விழவில்லை, நிழலும் விழவில்லை. வீட்டின் பின்புறத்துக் குளியலறைக் குழாய் சொட்டுவது எப்போதும் அந்தப் பக்கத்திலிருந்துதான் கேட்கும். இப்போது கேட்கவில்லை. அந்த இடத்துக்குப் பின்னால் சத்தமே இல்லை.

விளக்கைப் போட்டாள். மெத்தை, தலையணை, மடித்த போர்வை. குழாய் சொட்டியது.

மறுநாள் அறிக்கையை அனுப்பினாள். வெளியூரில் இருந்த அதிகாரி, படித்த கையோடு அந்த நாட்டுப் போலீசுக்கு அனுப்பிவைத்தார். அந்த வாரம் முழுக்க, மாலையில் வீட்டில் விளக்கைப் போட்ட பிறகே படுக்கையறைக்குள் கால் வைத்தாள்.

வாரக் கடைசியில் அதிகாரி தன் அறைக்குக் கூப்பிட்டார். அமைதியான மனுஷி. அன்று கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார்.

"அறையைக் கண்டுபிடிச்சுட்டாங்கம்மா. நீ சொன்ன ஊர்தான். அதே ஓடு, அதே உடைஞ்ச மூலை."

"ஆளு?"

"யாரும் இல்லை. காலி பண்ணிட்டுப் போயிருக்காங்க."

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"மேடம், நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். அது எங்க அக்கா. எட்டாவது படத்துல இருக்கிறது."

"முகமே இல்லாம எப்படிம்மா தெரியும்?"

"முழங்கை மேடம். கைக்கும் இடுப்புக்கும் நடுவுல இடைவெளி இருக்கே. அதுக்குள்ளதான் அந்த ஓடு தெரிஞ்சுது."

அதிகாரி வெட்டாத படத்தைத் திறந்து திரையை அவள் பக்கம் திருப்பினார்.

அக்கா இல்லை. நாற்பது வயதிருக்கும், யாரோ ஒரு பெண். கழுத்துவரை போர்வையைச் சுற்றிக்கொண்டு கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது. கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஓடு தெரியவில்லை.

"இது உனக்கு அனுப்பினது." அடுத்த படத்தையும் திறந்தார். ஓட்டையில்லாத, முழுச் சாம்பல். "நான் எந்த இடைவெளியும் விடலை. அவசரத்துல உன் அறிக்கையைப் படத்தோட ஒத்துப் பார்க்காம அனுப்பிட்டேன். அது என் தப்பு." குரல் தாழ்ந்தது. "அந்த ஓடு இந்தப் பொம்பளைக்குப் பின்னாடிதான் இருந்திருக்கு. எந்தப் படத்துலயும் இல்லை. நீ எங்கேம்மா பார்த்தே?"

சின்னவளால் அந்தப் பெண்ணின் முகத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. இத்தனை நாள் இவளுக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். இவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. இவளையும் யாரோ ஒரு தங்கை தேடிக்கொண்டிருப்பாள்.

அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது. அந்தச் சுவருக்கு முன்னால், இவளுக்கும் முன்பு, கோணல் முழங்கையோடு வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

பேருந்தில் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள். வீட்டுக் கதவு சாத்தாமல் கிடந்தது. உள்ளே ஒரு விளக்குகூட எரியவில்லை.

"அம்மா?"

"இங்கே இருக்கேண்டி." படுக்கையறையிலிருந்து குரல். பல வருடங்களாக அந்தக் குரலில் இல்லாத ஒரு குளிர்ச்சி. "மெதுவா வா. களைச்சுப்போய் வந்திருக்கா."

கூடம். இருட்டு. குழாயின் சத்தம் இல்லை.

தெருவிளக்கின் கடைசிக் கீற்று வாசற்படியோடு நின்றுவிட்டது. கதவு கறுப்பு. அலமாரி கறுப்பு. அக்காவின் கட்டில்மேல் சாம்பல்.

அம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதை அணைத்திருந்தாள். அணைத்த கை தோளோடு முடிந்திருந்தது. அதற்கப்பால் கை இல்லை.

"பேச மாட்டேங்கிறா. பரவாயில்லை." அம்மா தலையை அதன்மேல் சாய்த்தாள். "நீயும் வாடி. இடம் இருக்கு."

ஒரு காது போயிற்று. ஒரு கண். பாதி நெற்றி. ரத்தம் இல்லை, சத்தம் இல்லை. ஓரம் பிசகாத வெட்டு.

மிச்சமிருந்த பாதி வாயால் அம்மா சிரித்தாள்.