ஊருக்கு அனுப்ப ஒரு கைக்கடிகாரம்

காலை ஒன்பது மணிக்குக் கைக்கடிகாரம் காணாமல் போனது. பத்து மணிக்கெல்லாம் கிடைத்தும் விட்டது. கிடைத்த இடம்தான் வில்லங்கம்.

ஹோட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவைக்கூடம் அது. கோட்டுப் பைகளில் வாடிக்கையாளர்கள் மறந்துவிடும் பொருள்களைக் கவுண்டர் டிராயரில் எடுத்து வைப்பது அங்கே வழக்கம். முந்தின நாள் அப்படி வந்து சேர்ந்த தங்கக் கடிகாரம், இப்போது சாப்பாட்டுப் பைகள் தொங்கும் அறையில், சீட்டியின் பைக்குள் இருந்தது. கூடத்துக் கைத்துண்டு ஒன்றில் பொதிந்திருந்தார்கள். மூன்றாக மடித்து, ஓரத்தை உள்ளே தள்ளி, முனையைச் செருகியிருந்த துண்டு.

சீட்டி என்பது பட்டப்பெயர். இஸ்திரி போடும்போது சீட்டியடிப்பான். பெண்டாட்டியோடு வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவன். இருவருக்கும் தனித்தனி வேலை அனுமதி. அவள் அங்கேயே மடிப்பு மேசையில் ஒற்றை ஆளாக நிற்கிறாள். அவனைப் போன மாதம் இஸ்திரிப் பகுதிக்கு மேற்பார்வையாளன் ஆக்கியிருந்தார் முதலாளி.

அந்த நாட்டுச் சட்டம் கறார். வெளிநாட்டுக்காரர் திருடினால் அனுமதி ரத்து, நேரே விமானம், அப்புறம் ஜென்மத்துக்கும் அங்கே கால் வைக்க முடியாது. மூன்று மணிக்கு வந்து ஆளைக் கூட்டிப் போவதாகக் குடியேற்றத் துறை சொல்லிவிட்டது.

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் அம்மாள் குள்ளம், குரலும் மெல்லிசு. அதை நம்பி வாயை விட்டவர்கள் பலர் உள்ளே இருக்கிறார்கள். முதலாளியின் அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஈரக் கையோடும் வேர்த்த முகத்தோடும் வந்தவர்களுக்குத் துடைத்துக்கொள்ள ஆளுக்கொரு கைத்துண்டு கொடுத்தார்.

முதலில் மூத்த இஸ்திரிக்காரர்.

"மேற்பார்வையாளர் வேலை உங்களுக்குத்தான் வந்திருக்கணுமாமே?"

"என் தலை நரைச்சதே இந்த ஆவியிலதாம்மா. நேத்து வந்தவனைத் தூக்கி மேல வச்சா வயிறு எரியாதா? எரிஞ்சுது. அதுக்காகத் திருட்டுப் பட்டம் கட்டி அனுப்புற அளவுக்கு நான் கேடுகெட்டுப் போகல. அவன் எடுக்கிற ஆளும் இல்ல." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே போய்விட்டார்.

அடுத்து கவுண்டர்க்காரப் பெண்.

"டிராயர் சாவி உன்கிட்டதானே?"

"பூட்டு கெட்டு ரொம்ப நாளாச்சு மேடம். மொதலாளிகிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுது."

"காலையில அந்தப் பக்கம் யாரெல்லாம் வந்தாங்க?"

"எல்லாருந்தான். இஸ்திரிப் பெரியவர் வந்தாரு. சீட்டி டீ குடிக்க வந்தாரு. அவர் சம்சாரம் துணிக்கட்டு கொண்டாந்து வச்சாங்க." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. "அவரு எடுத்திருக்க மாட்டாரு மேடம், சத்தியமா." துண்டைக் கசக்கி மேசைமேல் போட்டாள்.

சீட்டி உட்காரவே இல்லை. "எடுத்தா என் பையிலயேவா வைப்பேன், எனக்கென்ன கிறுக்கா? ஊர்ல எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். இங்கதான் நாலு பேர் மனுஷனா மதிக்கிறாங்க." கழுத்தைத் துடைத்து, துண்டை நாற்காலி முதுகில் மாட்டினான்.

கடைசியில் அவன் மனைவி வந்தாள். அழுதழுது மூக்கு சிவந்திருந்தது.

"உன் வீட்டுக்காரருக்கு வேண்டாதவங்க யாராவது?"

"என்னத்தச் சொல்ல, எங்க தலையெழுத்து. இன்னைக்கே ஏத்திடுவாங்களா? நானும் கூடவே போயிடலாம்ல?"

"நல்ல வேலையை விட்டுட்டா?"

"புருஷன் இல்லாத ஊர்ல எனக்கென்ன மேடம் வேலை?" பேசிக்கொண்டே துண்டை மடித்து மேசை ஓரத்தில் வைத்தாள்.

இரண்டு மணிக்கு நால்வரையும் ஒன்றாக நிறுத்தினார் இன்ஸ்பெக்டர். முதலாளி பெரியவரையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"அவரை விட்டுடுங்க. வயிறு எரியுதுன்னு வாய்விட்டுச் சொல்லிட்டாரு. சொல்லாம வச்சிருக்கிறவங்கதான் எனக்கு வேணும்." இன்ஸ்பெக்டர் மேசையில் இரண்டு துண்டுகளை வைத்தார். "இது கடிகாரத்தைச் சுத்தியிருந்தது. இது கொஞ்சம் முந்தி இங்க ஒருத்தங்க மடிச்சு வச்சது. மூணு மடிப்பு, ஓரம் உள்ளே, முனை செருகல். வித்தியாசம் தெரியுதா?"

யாருக்கும் தெரியவில்லை.

"திருட்டுப் பொருளை அவசரத்துல யாரும் சுருட்டித்தான் வைப்பாங்க. இந்தக் கைக்குச் சுருட்டவே வரல. பொழுதன்னைக்கும் மடிச்சுப் பழகின கை." சீட்டியின் மனைவி பக்கம் திரும்பினார். "இன்னொண்ணு இருக்கும்மா. அவர் எடுக்கலன்னு மத்த ரெண்டு பேரும் சொன்னாங்க. கட்டின பொண்டாட்டி நீ ஒரு தடவைகூடச் சொல்லல. எப்ப ஏத்துவாங்கன்னுதான் கேட்ட."

அவள் அழுகை சட்டென்று நின்றது.

"ஆமா, நான்தான்! துணிக்கட்டு வைக்கிற சாக்குலதான் எடுத்தேன். கவுண்டர்ல அவ சிரிச்சா இங்க இவருக்குச் சீட்டி வருது. வீட்டுக்கு வந்தா வாயே தொறக்கிறதில்ல. நான் சமைச்சு வச்சுட்டு மூஞ்சியப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணும். உள்ளுக்குள்ள பத்திக்கிட்டு எரியுது மேடம்! ஊருக்குப் போனா இவரு என் புருஷனா இருப்பாரு. டிராயர்ல இருந்தது போனா அவ சீட்டும் கிழியும்னு நெனச்சேன்."

"அடிப்பாவி," என்றார் பெரியவர்.

கவுண்டர்க்காரப் பெண் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

"அவரை அனுப்புற சட்டம் உனக்கும் அதேதாம்மா. நீயும் இந்த நாட்டுக்காரி இல்லையே," என்றார் இன்ஸ்பெக்டர். இத்தனை யோசித்தவள் இதை யோசிக்கவே இல்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. பொறாமை அப்படித்தான் ஆளைக் குருடாக்கும்.

மூன்று மணிக்கு வந்த குடியேற்றத் துறை ஆட்கள், ஆள் மாறியதைக் கேட்டு உச்சுக்கொட்டினார்கள். வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க பின்னாடியே வந்துடுவீங்கல்ல?"

சீட்டி தரையைப் பார்த்தான். பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பி, தணிந்த குரலில் கேட்டான்.

"மேடம்... நானும் போயே ஆகணுமா?"

இன்ஸ்பெக்டருக்கு அவளுக்காக ஒரு பொய் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சொல்லவில்லை. "உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. நீங்க இருக்கலாம்."

அவன் நிம்மதியாக மூச்சு விட்டான். வாசலில் நின்றவளுக்கு அது நன்றாகவே கேட்டது.