ஐந்து தகடு ஹீட்டர்

பிளக்கைப் பிடுங்கி ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. ஹீட்டர் இன்னும் சூடாகத்தான் இருந்தது.

கெசையா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் கெட்டில் போடுவதற்காக அவள்தான் பிளக்கைக் கழற்றினாள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் மெயின் விழுந்து, வரிசையாக நிற்கும் ஆறு கேரவன் வண்டி வீடுகளும் இருண்டு, ஆளுக்கொரு கதவிலிருந்து திட்டு வரும். பிறகு குழந்தைக்கு மருந்து, துணி, கஞ்சி என்று அலைந்ததில் திரும்ப மாட்ட மறந்தே போனாள். இப்போது மதியம் மூன்று. வெளியே இங்கிலாந்தின் லிங்கன்ஷைர் முட்டைக்கோஸ் வயல்கள் உறைபனியில் வெளுத்துக் கிடந்தன, அழுகிய இலையின் வாடை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது, தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் நின்ற அந்தச் சின்ன ஹீட்டரிலிருந்து டிக், டிக் என்று விட்டுவிட்டு ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தகடு ஆறும்போது வரும் சத்தம்தான். ஆனால் தகடு ஆறவில்லை. தொட்டுப் பார்த்தவள் விரலை உதறிக்கொண்டாள்.

எண்ணெய் நிரப்பிய ஹீட்டர், சூட்டை லேசில் விடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நல்லதுதானே? மிசெல்லி மூன்று நாளாக இருமாமல் தூங்குகிறாளே, அது போதாதா?

மிசெல்லிக்கு ஐந்து மாதம். ஏழு வாரம் முன்னாலேயே பிறந்துவிட்ட குழந்தை, நெஞ்சு இன்னும் தேறவில்லை. தூங்கும் அறை பதினெட்டு டிகிரிக்குக் கீழே போகவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த டாக்டர் ஒரு ஜனவரியையாவது கேரவனில் கழித்துப் பார்த்திருந்தால் அப்படிச் சுலபமாகச் சொல்லியிருக்கமாட்டார். ஜன்னலின் உள்பக்கமே ஐஸ் கட்டும். போர்வையின் ஓரம் ஈரத்தில் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். போன மாதம் ஒருநாள் இருமி இருமிக் குழந்தையின் உதடு நீலம் பாரித்தது, அன்றிலிருந்து கெசையாவின் தலைக்குள் ஹீட்டரைத் தவிர வேறு எதுவும் இல்லை.

காற்று ஊதும் ஹீட்டர் மின்சாரத்தைக் குடிக்கும், மெயின் தாங்காது. கேஸ் ஹீட்டர் இருந்தது, ஆனால் உறைபனியில் நீலச் சிலிண்டர் படுத்துவிடும், சுடர் நடுங்கி அணையும். குளிரிலும் எரியும் சிவப்புச் சிலிண்டர் வாங்கலாம் என்றால் லியாண்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் புருஷன் மரம் வெட்டுகிறவன், எதற்கும் பயப்படாதவன், ஆனால் கேஸைப் போட்டுத் தூங்கி எழுந்திருக்காத ஒரு குடும்பத்தைச் சின்ன வயதில் பார்த்தவன். கடைசியில் டவுன் கடைக்காரர்தான் ஒரு படத்தைக் காட்டி முடிவு சொன்னார்.

"உங்க கேரவனுக்கு இதாம்மா சரி. அஞ்சே தகடு, எழுநூறு வாட். மெயினும் விழாது, சத்தமும் வராது. தொட்டில் பக்கத்துலயே வெச்சுக்கலாம்."

"எடுத்துக் குடுங்க."

"கையில இல்லையே. குளிர் வந்ததும் எல்லாம் போயிடுச்சு. ரெண்டு வாரம் ஆகும்."

"ரெண்டு வாரம் என் பொண்ணு இருமிக்கிட்டு இருக்கணுமா?"

அவர் படத்தை மடித்தார்.

அதே மாதிரி ஹீட்டர் ஒன்று இருபது அடி தூரத்தில் இருந்தது. அவள் மாமியாரின் கேரவனில். வெண்ணெய் நிறம், ஐந்து தகடு, மேலே எப்போதும் ஆரஞ்சுத் தோல் காய்ந்துகொண்டிருக்கும். கிழவி அதன் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலில் படிந்த ஆவியை உள்ளங்கையால் வட்டமாகத் துடைத்து, யார் வருகிறார்கள் யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். மிசெல்லி பிறந்தபோது கையில் வாங்கிக்கொண்டு, "இவ என் பொண்ணுடி. நீ சும்மா சுமந்த, அவ்வளவுதான்" என்று சிரித்தாள். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாள்.

அவர்களுடைய ஜிப்ஸி ஜனத்தில் செத்தவர் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். அடக்கம் முடிந்த அன்றைக்கே, செத்தவரின் கேரவனை உள்ளே இருக்கும் அத்தனை சாமானோடும் எரித்துவிடுவார்கள். விற்பதில்லை, கொடுப்பதில்லை, ஒரு ஸ்பூனைக்கூட எடுத்து வைத்துக்கொள்வதில்லை. பீங்கான்களை முதலில் உடைத்துவிட வேண்டும். அந்த வேலை கெசையாவுக்கும் நாத்தனார் அத்தாலியாவுக்கும் வந்தது. கண்ணாடி அலமாரியில் இருந்த தங்க விளிம்புத் தட்டுகளை இருவரும் ஒவ்வொன்றாகச் சுத்தியலால் உடைத்தார்கள். பாதியில் அத்தாலியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வர, முகம் கழுவ வெளியே போனாள்.

அவ்வளவு நேரம் போதுமாக இருந்தது. வாசலில் மிசெல்லியின் தள்ளுவண்டி நின்றது, காலியாக. குழந்தை கெசையாவின் சொந்தக் கேரவனில் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் ஹீட்டரைத் தூக்கித் தள்ளுவண்டியில் படுக்கவைத்து, கழுத்துவரை மூடுவதுபோல் போர்வையை இழுத்துவிட்டாள். எரித்துச் சாம்பலாக்கப் போகிற பொருள், குளிரில் சாகக் கிடக்கிற குழந்தை, இதில் எது பாவம் என்று மனசுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டாள்.

வண்டியைத் தன் கேரவனுக்குத் தள்ளிக்கொண்டு போவதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். அதனால் அவளும் அந்த வட்டத்தில் நிற்கவேண்டியதாயிற்று. நாலரை மணி, இருட்டு இறங்கியிருந்தது. ஆண்கள் தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்கள். லியாண்டர்தான் தீ வைத்தான். கெசையா தள்ளுவண்டியைப் பிடித்து, உள்ளே பிள்ளை தூங்குவதுபோல் மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"புள்ள மூஞ்சில புகை படப்போவுது, மூடு" என்றாள் அத்தாலியா.

அப்போது ஒரு குழந்தை அழுதது. கெசையாவுக்கு மட்டும்தான் கேட்டதோ என்னவோ, யாரும் திரும்பவில்லை. மிசெல்லிதான், தன் கேரவனில் விழித்துக்கொண்டாள் என்று தெரிந்தது. ஓடவேண்டும். ஓடினால் வண்டியில் இருப்பது என்ன என்று கேட்பார்கள். நிமிர்ந்து பார்த்தாள். எரிகிற கேரவனின் ஜன்னலில், உள்பக்கமாக, ஒரு உள்ளங்கை வட்டமாகத் துடைத்ததுபோல் இருந்தது. புகைதான். அவள் தலையைக் குனிந்து போர்வையைச் சரிசெய்தாள்.

அது வெள்ளிக்கிழமை. அத்தையிடம் இருந்த மாதிரியே கடையில் வாங்கினேன் என்று லியாண்டரிடம் பொய் சொன்னாள். அவன் ஹீட்டரைத் தட்டிப் பார்த்து, "பரவால்ல, நல்ல சாமானாத்தான் புடிச்சிருக்க" என்றான்.

சனிக்கிழமை போர்வையிலும் தலையணையிலும் ஆரஞ்சுத் தோல் வாசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஹீட்டருக்குப் பக்கத்து இருக்கையில் மெத்தை நடுவில் குழிந்திருந்தது. தட்டிச் சரிசெய்தாள், அந்தக் குழி மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. இன்று காலை, ஜன்னல் முழுக்க ஆவி படிந்திருக்க, உட்கார்ந்தால் கண் வரும் உயரத்தில் ஒரு வட்டம் மட்டும் சுத்தமாகத் துடைத்திருந்தது. லியாண்டரின் வேலை என்று நினைத்துக்கொள்ள முயன்றாள். அவன் இருட்டோடு எழுந்து வேலைக்குப் போனவன். ஜன்னல் பக்கமே வரவில்லை.

கதவு தட்டும் சத்தத்தில் துள்ளி விழுந்தாள். அத்தாலியாதான், கையில் சூப் பாத்திரத்தோடு.

"உள்ள வாங்கக்கா."

அத்தாலியா ஒரு காலைப் படியில் வைத்தவள் அப்படியே நின்றாள். மூக்கு சுருங்கியது. முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லக் காணாமல் போயிற்று.

"ஆரஞ்சு உரிச்சியா?"

"ஆமாக்கா. காலைல."

"நீதான் ஆரஞ்சே திங்கமாட்டியே, கெசி."

உள்ளேயிருந்து டிக் என்றது. அத்தாலியா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பாத்திரத்தைப் படியிலேயே வைத்துவிட்டுப் பின்வாங்கினாள்.

"என்னத்தடி எடுத்த?"

"புள்ளைக்கு மூச்சு நிக்குதுக்கா. நான் என்னதான் பண்ணுவேன்?"

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே பாவி! என் கேரவன்ல வந்து படுத்திருக்கலாமே! எல்லாத்தையும் ஏன் சேத்து எரிக்கிறோம்னு நெனச்ச? ஒண்ணு மிஞ்சுனாலும் அது எங்க இருக்கோ அதுதான் அவ வீடு. அவளுக்குப் போக வழி இல்ல." அத்தாலியா மூச்சு வாங்கினாள். "வெளிய கொண்டு போ. இப்பவே. இருட்டறதுக்குள்ள. அந்தச் சாம்பல்ல கொண்டு போய் வையி. நான் தம்பிக்குப் போன் பண்றேன்."

அவள் திரும்பிப் பார்க்காமல் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

கெசையா கைக்குத் துணி சுற்றி ஹீட்டரைத் தூக்கினாள். துணியைத் தாண்டிச் சுட்டது. மிசெல்லி தொட்டிலில் விழித்திருந்தாள், காலி இருக்கையைப் பார்த்துக் காலை உதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். குழந்தையைத் தூக்க அவளுக்கு இன்னொரு கை இல்லை. ஒரு நிமிஷம்தான், இதோ வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. மாமியாரின் கேரவன் நின்ற இடத்தில் கறுப்பாக ஒரு நீளச் சதுரமும் வளைந்த இரும்புச் சட்டமும் மட்டும்தான் இருந்தன. சுற்றிலும் வெள்ளை, அந்தச் சதுரத்தில் மட்டும் ஒரு பொட்டுப் பனி படியவில்லை. அவள் ஹீட்டரைச் சாம்பலின் நடுவில் வைத்தாள். "மன்னிச்சிடுங்க அத்த" என்றாள். உரக்கவே சொன்னாள். அழுகை வந்தது. மூன்று நாளில் முதல்முறையாக நெஞ்சு லேசானது. குழந்தையை எடுத்துக்கொண்டு அத்தாலியாவிடம் போய்விடலாம். திட்டினால் திட்டட்டும்.

ஓடி வந்தாள். கதவைத் திறந்து உள்ளே ஏறிச் சாத்தினாள்.

கதகதப்பு முகத்தில் அடித்தது.

டிக்.

தொட்டிலில் மிசெல்லி இருந்தாள். சிரிப்பு நின்றிருந்தது. தொட்டிலுக்குப் பக்கத்தில் ஹீட்டர் நின்றது. அதன் வயர் தரையில் சுருண்டு கிடந்தது. மேலே புதிதாக உரித்த ஆரஞ்சுத் தோல், ஓரங்கள் சுருங்கிக்கொண்டிருந்தன.

அவள் குழந்தையை வாரி எடுத்தாள். உடம்பு கொதித்தது. திரும்பினாள். எதிரே கண்ணாடி அலமாரி. அவளிடம் கண்ணாடி அலமாரி கிடையாது. உள்ளே தங்க விளிம்புத் தட்டுகள். அவள் கையால் உடைத்த தட்டுகள். வரிசையாக. முழுசாக.

கதவுப் பிடியைப் பற்றினாள். தோல் பிடியோடு ஒட்டியது. கத்தினாள். கையை உருவிக்கொண்டாள்.

டிக். டிக். இப்போது ஹீட்டரிலிருந்து இல்லை. சுவரிலிருந்து. கூரையிலிருந்து. தரைக்கடியிலிருந்து.

இருக்கையின் மெத்தை குழிந்தது. மெதுவாக. வசதியாக உட்கார்ந்துகொள்வதுபோல்.

மிசெல்லி வீறிட்டு அழுதாள்.

ஜன்னல். ஆவி. வெளியே ஆரஞ்சு நிறத்தில் வெளிச்சம். ஆட்கள். ஆட்கள் இருக்கிறார்கள்! கெசையா உள்ளங்கையால் கண்ணாடியைத் துடைத்தாள். வட்டமாக.

வெளியே எல்லோரும் வெள்ளிக்கிழமை நின்ற அதே வட்டத்தில் நின்றார்கள். பனி இல்லை. ஆண்கள் தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்கள். லியாண்டர் முன்னால், கண்ணீரோடு. காலடியில் எண்ணெய் டப்பா. காலியான ஒரு கேரவனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"லியாண்டர்! உள்ள நான் இருக்கேன்! புள்ள இருக்கு!"

புகை. கண்ணாடியைக் குத்தினாள். ஒருவரும் அசையவில்லை.

அத்தாலியாவுக்குப் பக்கத்தில், தள்ளுவண்டியைப் பிடித்து மெல்ல ஆட்டியபடி ஒரு பெண் நின்றாள். அவளுக்கு மட்டும் அழுகை கேட்டது. நிமிர்ந்தாள். கெசையா தன் முகத்தையே பார்த்தாள்.

குழந்தையை உயர்த்திக் காட்டினாள். "வா! ஓடி வா!"

அந்தப் பெண் ஒரு கணம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலையைக் குனிந்து, வண்டியிலிருந்த போர்வையைச் சரிசெய்தாள்.