மூன்று பைகள் அந்தமானுக்கு...

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் தேவதர்ஷினி வாயருகே கொண்டுபோன வடையை வெறுப்போடு தட்டில் வைத்தாள். ஸ்ரீரங்கத்தில் ஒரு காவல் நிலையம். ஞாயிற்றுக்கிழமை மாலை. திருடர்கள்கூட லீவு எடுத்துக்கொள்ளும் நேரம்.

"ஹலோ..."

"மேடம்... என்னைக் கொல்லப் போறாங்க!"

பெண் குரல். நடுங்கியது.

"எப்போ?"

"இந்த வாரம்!"

"எங்க?"

"அந்தமான்ல!"

"அந்தமான் என் லிமிட் இல்லம்மா. செத்ததும் அங்க இருக்கற ஸ்டேஷன்ல சொல்லுங்க."

"விளையாடாதீங்க மேடம்! கொல்லப் போறது என் புருஷன்!"

தேவதர்ஷினி பெருமூச்சு விட்டாள். புருஷன் என்றால் எந்தக் கடலைத் தாண்டினாலும் லிமிட்டுக்குள் வந்துவிடுவான்!

"நேர்ல வாங்க."

அரை மணி நேரத்தில் வந்தாள் பெலிண்டா. முப்பதைத் தாண்டிய வயது. கண்ணுக்குக் கீழே கருவளையம். இரண்டு கைகளிலும் இரண்டு குழந்தைகள். இரட்டையர்கள். நாலு வயது. காற்றடைத்த வாத்து வளையங்களை இடுப்பில் மாட்டிக்கொண்டு, ஏதோ காவல் நிலையத்துக்குள்தான் கடல் இருப்பதுபோலப் பாய்ந்தார்கள்.

"மித்ரன், மிருணா, ஓடாதீங்க! மேடம், ரைட்டர் சார் மேஜைய யாராவது பாத்துக்கங்க!"

"ஏட்டு, பிடிங்க அதுகளை!" என்றாள் தேவதர்ஷினி.

ஏட்டு அடைக்கலம் பிடிக்கப் போனார். முப்பது வருஷம் ரவுடிகளைத் துரத்தியவருக்கு மூச்சு வாங்கியது.

"சொல்லுங்க. என்ன ஆதாரம்?"

"பரஸ்தானம் மேடம்!"

"என்னது?" அடைக்கலம் தூரத்திலிருந்து கத்தினார். அவர் உப்பிலியபுரத்துக்காரர், ஸ்ரீரங்கத்து ஆசாரமெல்லாம் தெரியாது.

"அவங்க வீட்டுப் பழக்கம் சார். நான் மேலப்புதூர். சர்ச்சுல வளந்தவ. கல்யாணமாகி வந்தப்புறம்தான் எனக்கே தெரியும். கிளம்பற நாள் சரியில்லன்னா, முன்னாடியே ஒரு நல்ல நேரம் பாத்து, பயணம் போறவங்க துணியைப் பக்கத்து வீட்டுல கொண்டுபோய் வச்சிடுவாங்க. அப்பவே கிளம்பிட்டதா கணக்கு. போறவங்க நல்லபடியா போய்த் திரும்புவாங்களாம்."

"சரி."

"நாளைக்குத் திங்கக்கிழமை. கிழக்க சூலம். அந்தமான் கிழக்கதான இருக்கு? அதனால வெள்ளிக்கிழமையே எதிர் ஃப்ளாட்டு மாமி வீட்டு வாசல்ல பை கொண்டுபோய் வச்சிட்டாரு. மூணு பை மேடம்! அவரோடது ஒண்ணு. புள்ளைங்களோடது ரெண்டு. என் துணிய மட்டும் வைக்கல!"

பெலிண்டாவின் குரல் உடைந்தது.

"நான் திரும்பி வர மாட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு மேடம்! இந்த ட்ரிப்ப நிறுத்துங்க!"

தேவதர்ஷினி அவளை உற்றுப் பார்த்தாள். இது உண்மையென்றால் நாளை ஒரு பெண் சாவை நோக்கி விமானம் ஏறுகிறாள். பொய்யென்றால் ஒரு அப்பாவி, பிள்ளைகளை இழந்து கம்பிக்குப் பின்னால் போகிறான்.

"ஏட்டு! அந்த ஆளையும் பைகளையும் கொண்டு வாங்க."

வந்தான் அழகியமணவாளன். தனியார் கம்பெனி ஒன்றில் மேனேஜர். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம். உடம்பில் பனைமரம் அச்சடித்த சட்டை. கிளம்புவதற்கு முன்பே தீவுக்குப் போய்விட்டவன் மாதிரி இருந்தான். பின்னாலேயே, யாரும் கூப்பிடாமல், எதிர் ஃப்ளாட் செங்கமலம் மாமியும் வந்தாள்.

"அபத்தம் மேடம்!" அவன் கத்தினான். "நான் பரஸ்தானமே வெக்கல! இன்னிக்கு வெக்கலாம்னு பாத்தா பையெல்லாம் காணோம். இவதான் எங்கயோ எடுத்து வெச்சிருக்கான்னு நெனச்சேன்!"

"வெள்ளிக்கிழமை எங்க இருந்தீங்க?"

"லீவு. ஆத்துலதான் இருந்தேன்."

"பாத்தீங்களா மேடம்!" என்றாள் பெலிண்டா.

"மாமி, நீங்க சொல்லுங்க. பையை யாரு கொடுத்தா?"

"யாருமே கொடுக்கலையே! சாயங்காலம் கோயிலுக்குக் கிளம்பறச்ச கதவைத் திறந்தா, செருப்பு ஸ்டாண்ட் பக்கத்துல மூணு பை! பரஸ்தானமாத்தான் இருக்கும்னு உள்ள எடுத்து வெச்சேன். பொண்டாட்டி பை இல்லையேன்னு அப்பவே திக்குன்னுது. கேட்டா தப்பா எடுத்துப்பாளோன்னு விட்டுட்டேன்."

மூன்று பைகளும் மேஜைமேல் இருந்தன. அழகியமணவாளனின் முகம் வெளிறியது.

"எத்தனை மணிக்கு வச்சாரு?" பெலிண்டா பக்கம் திரும்பினாள் தேவதர்ஷினி.

"காலையில பதினோரு மணிக்கு. என் கண்ணால பாத்தேன் மேடம்!"

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"சத்தியமா! புள்ளைங்களுக்கு ஜூஸ் போட்டுக்கிட்டு இருந்தேன்."

தேவதர்ஷினி சிரித்தாள். நல்ல சிரிப்பு அல்ல.

"பெலிண்டா... பொய் சொல்றதுக்கு முன்னாடி தினசரி காலண்டரையாவது ஒரு தடவை பாத்திருக்கலாம்."

"மேடம்...?"

"வெள்ளிக்கிழமை பத்தரையிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் ராகு காலம்! நல்ல நேரம் பாக்கறதுக்காகவே பண்ற ஒரு காரியத்த, ராகு காலத்துல பண்ற ஆள் ஸ்ரீரங்கத்துல இன்னும் பொறக்கல. இந்த ஆளு கொலைகூடப் பண்ணலாம். ராகு காலத்துல பை வைக்க மாட்டாரு!"

"பெருமாளே!" மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ராகு காலத்துப் பையையா நான் ரெண்டு நாளா ஹால்ல வெச்சிண்டிருந்தேன்!"

பெலிண்டா நாற்காலியில் சரிந்தாள்.

"நான்தான் வச்சேன் மேடம்... அவரு குளிக்கப் போனப்ப."

"ஏன்?"

"எனக்கு அந்தமானுக்குப் போக வேணாம்!"

"அதுக்குக் கட்டின புருஷனைக் கொலைகாரன் ஆக்குவியா?"

"நீங்க போய்ப் பாருங்க மேடம், ரெண்டு வாண்டுங்களோட!" பெலிண்டா வெடித்தாள். "மூணு மாசமா ப்ளான் பண்றாரு. ப்ளான்னா என்ன தெரியுமா? சோபாவுல படுத்துக்கிட்டு மொபைல்ல கடல் படம் பாக்கறது! 'தண்ணி கலரப் பாரு பெலி'ங்கறாரு. அந்தத் தண்ணிக்கு ரெண்டும் ஆளுக்கொரு பக்கமா ஓடுமே, யாரு பிடிக்கறது? மணலத் தின்னா யாரு வாயக் கழுவறது? படகுல வாந்தி எடுத்தா யாரு கையில ஏந்தறது? அவரு மூட்டை கட்டினது ஒரு கூலிங் கிளாஸ். நான் கட்டினது இட்லிப்பொடி, பால் பவுடர், காய்ச்சல் மருந்து, ரைஸ் குக்கர்! இங்க பண்ற அத்தனை வேலையும் அங்க மணல்ல நின்னுக்கிட்டுப் பண்ணணும். அதுக்குப் பேரு ஹாலிடே!"

அடைக்கலம் தன்னையறியாமல் தலையாட்டினார். ஒரு வாத்து வளையம் இப்போது அவர் கழுத்தில் இருந்தது.

"வேணாம்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். கேக்கல. காய்ச்சல்னு படுத்தேன். மாத்திர வாங்கிட்டு வந்து நின்னாரு. போலீஸ் கேஸ் இருந்தா ஊர விட்டுப் போக விட மாட்டாங்கன்னு எங்கயோ படிச்சேன்..."

தேவதர்ஷினிக்கு வந்த ஆத்திரத்தில் பேனாவை மேஜைமேல் எறிந்தாள். வெயிலில் போய் வேர்ப்பதற்கு விமான டிக்கெட் வாங்கும் கூட்டம்! திருச்சியில் இல்லாத வெயிலா?

அழகியமணவாளன் சிரித்தான். தாராளமான சிரிப்பு.

"பாவம் மேடம், விட்டுடுங்கோ. ஏதோ டென்ஷன்ல பண்ணிட்டா. நான் மனசுல வெச்சுக்கல." பைகளைத் தூக்கினான். "வா பெலி. கார்த்தால ஃப்ளைட். சீக்கிரம் தூங்கணும்."

தேவதர்ஷினி மறுபடி வடையை எடுத்தாள்.

கடிக்கவில்லை.

"நில்லுங்க சார்."

அவன் நின்றான்.

"பொண்டாட்டி உங்களக் கொலைகாரன்னு சொல்லி ஸ்டேஷன்ல நிறுத்தியிருக்கா. வேற எந்தப் புருஷனா இருந்தாலும் இந்நேரம் கூரை பறக்கக் கத்தியிருப்பான். மாமனாருக்குப் போன் போட்டிருப்பான். குறைஞ்சது, கோவத்துல ட்ரிப்ப கேன்சல் பண்ணியிருப்பான். நீங்க என்னடான்னா, வா கண்ணு கடலுக்குப் போவோம்ங்கறீங்க?"

"கட்டின பணம் வீணாயிடும் மேடம்..."

"டிக்கெட் போட்டது யாரு?"

அவன் வாசல் பக்கம் பார்த்தான்.

"ரெஜிஸ்னு தில்லைநகர்ல ஒரு ட்ராவல் ஏஜென்ட் மேடம்" என்றாள் பெலிண்டா. நம்பரையும் கொடுத்தாள்.

ஸ்பீக்கரில் போட்டாள் தேவதர்ஷினி. "ரெஜிஸா? போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து பேசறேன். அழகியமணவாளன் அந்தமான் டிக்கெட். விவரம் சொல்லுங்க."

"எல்லாம் கரெக்டா இருக்கு மேடம்! போறதுக்கு நாலு டிக்கெட், வரதுக்கு மூணு."

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். இரட்டையர்கள்கூட!

"மூணா...?"

"ஆமா மேடம். சாரு, ரெண்டு குழந்தைங்க. அக்காவுக்கு வேணாமான்னு கேட்டேன். அவங்க அங்கேர்ந்து கல்கத்தாவுல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறாங்கன்னாரு."

"கல்கத்தாவுல எனக்கு யாரு இருக்கா?" பெலிண்டா அலறினாள். "எங்க சொந்தமெல்லாம் பாலக்கரையத் தாண்டினதே இல்ல!"

"அக்காவும் அங்கதான் இருக்காங்களா? அப்ப சாரும் இருப்பாரே! சார், தை மாசத்துக்குக் கேட்டீங்களே, அந்த ஹனிமூன் பேக்கேஜ்... கன்ஃபர்ம் பண்ணிடலாமா?"

"யாருக்கு ஹனிமூன்?" தேவதர்ஷினியின் குரல் கத்தியாக இறங்கியது.

"சாருக்குத்தான் மேடம்!"

"அது... செகண்ட் ஹனிமூன் மேடம்!" அழகியமணவாளன் வியர்த்தான். "பெலிக்கு சர்ப்ரைஸ்!"

"பொண்ணுக்கு இருபத்தி நாலு வயசுன்னு சொன்னீங்களே சார்?" என்றது ஸ்பீக்கர், அப்பாவியாக.

"எனக்கு முப்பத்தி மூணு" என்றாள் பெலிண்டா.

மெதுவாகச் சொன்னாள். பிறகு இன்னும் மெதுவாக...

"மேடம்... புதன்கிழமை எனக்கு மட்டும் ஏதோ கடலுக்கு அடியில மீன் பாக்க புக் பண்ணியிருக்காரு. ஆழமான இடமாம். 'நீ நிம்மதியா போயிட்டு வா, புள்ளைங்கள நான் பாத்துக்கறேன்'னாரு. கல்யாணமாகி முதல் தடவையா அந்த வார்த்தையச் சொன்னாரு மேடம்! அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்!"

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"காவேரிப் படித்துறையில கால் நனைக்கவே பயப்படுவேன்."

தேவதர்ஷினி எழுந்தாள். ஒவ்வொரு அடியாக அவனை நெருங்கினாள். அவன் சுவரோடு ஒட்டினான்.

"நான் தள்ளியெல்லாம் விட மாட்டேன் மேடம்! சத்தியமா! நீச்சல் தெரியாதவ... அவளா முழுகினா நான் என்ன..."

நிறுத்தினான். நேரம் கடந்துவிட்டது.

செங்கமலம் மாமி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

"ஏன்டா..." தேவதர்ஷினி சட்டைக் காலரைப் பற்றினாள். "ஒரு உசுர எடுக்கத் துணிஞ்சவன், ஒரு ரிட்டர்ன் டிக்கெட்டுக்குக் கணக்குப் பாத்தியா? நாலு போட்டிருந்தா தப்பிச்சிருப்பியேடா!"

"வராதவளுக்கு எதுக்கு வீணா..." என்று முணுமுணுத்தான் அவன்.

அறை விழுந்தது. பனைமரச் சட்டை லாக்கப்புக்குள் போனது. அவன் போனைப் பிடுங்கிக்கொண்டார் அடைக்கலம்.

பெலிண்டா அழுதாள். சத்தமில்லாமல், நெடுநேரம். மாமி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நீங்க பொழச்சது உங்க புத்தியால இல்லம்மா" என்றாள் தேவதர்ஷினி. கடுமை குறையவில்லை. "ஊர் சுத்தப் போகாம இருக்க நீங்க சொன்ன பொய், அவன் மறைச்சு வச்ச நிஜத்து மேல போய் மோதியிருக்கு. அவ்வளவுதான். போலி ஆதாரம் உண்டாக்கி போலீஸ ஏமாத்தப் பாத்தீங்கல்ல? அதுக்கு உங்க மேலயும் கேஸ் போடணும். ரெண்டு நாள் உள்ள இருக்க வேண்டி வரலாம்."

பெலிண்டா கண்ணைத் துடைத்தாள். திரும்பிப் பார்த்தாள். மித்ரன் இன்ஸ்பெக்டரின் தொப்பிக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். மிருணா அடைக்கலத்தின் மீசையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"உள்ள குழந்தைங்கள விடுவீங்களா மேடம்?"

"விட மாட்டோம்."

"அப்ப ரெண்டு நாள் பத்தாது மேடம்... ஒரு வாரமா போட்டுடுங்க. நான் தூங்கி நாலு வருஷமாச்சு!"