பழக்கடையில் ஓர் இங்கிலீஷ் வகுப்பு

நாலு மணி ஆவதற்குள் சுஜி மொட்டைமாடியை இரண்டு முறை பெருக்கிவிட்டாள். நாற்காலி போட்டாள். கரும்பலகையைச் சுவரில் சாய்த்தாள். சாக்பீஸை உருட்டி உருட்டி விரலெல்லாம் வெள்ளையாகிவிட்டது.

பின்னே? ஏழாம் வகுப்பு முடித்து விடுமுறையில் இருக்கும் அவள் இன்று முதல் டியூஷன் டீச்சர்!

மாணவர் வந்தார். வயது ஐம்பத்திரண்டு. பக்கத்து வீட்டு முத்துநாயகம் மாமா. வடசேரி சந்தையில் வாழைப்பழக் கடை வைத்திருப்பவர். நெற்றியில் பளிச்சென்று திருநாமம். கையில் புது நோட்டு, நாலு மூலையிலும் மஞ்சள்.

"சனிக்கிழம கன்னியாகுமரி ஓட்டல்ல இருந்து ஒரு மேடம் பழம் பாக்க வாறாங்க. அவங்களுக்கு இங்கிலீஷ்தான் தெரியும். பேசல்லன்னா ஆர்டர் பக்கத்துக் கடை ராஜகுமாருக்குப் போயிரும், கேட்டியா?"

"நாலு நாள்ல பேச வச்சிருவேன் மாமா."

தன் பள்ளிக்கூட டீச்சரைப் போலவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தொடங்கினாள். "ஏ ஃபார் ஆப்பிள்."

"ஆப்பிள் நான் விக்கல்லியே மக்கா."

சுஜி யோசித்தாள். 'இது வாழைப்பழம்' என்று இங்கிலீஷில் பலகையில் எழுதினாள். "இத பத்து தடவ எழுதுங்க."

"எந்தப் பழம்? மட்டியா, ஏத்தனா, செந்துளுவனா?"

"இங்கிலீஷ்ல எல்லாமே பனானாதான்."

மாமா பேனாவைக் கீழே வைத்தார். "எல்லாத்துக்கும் ஒரே பேரா? அப்போ நான் என்னத்தச் சொல்லி விக்கியது?"

அடுத்த நாள் அவர் எழுதும்போதே கொட்டாவி விட்டார். மூன்றாம் நாள் நோட்டை மூடிவிட்டார். "எனக்கு மண்டையில ஏறாது மக்கா. உனக்கும் லீவு வீணாவுது. நிறுத்திருவோம்."

இருந்த ஒரே மாணவரும் போகிறார். சுஜி அவர் நோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் மாமா. நான் உங்க கடைக்கு வாறேன்."

வெள்ளிக்கிழமை கடையில் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து அவள் வேடிக்கை பார்த்தாள். அங்கே மாமா வேறு ஆளாக இருந்தார். வந்தவர்களிடம் முதலில் பேசவே இல்லை. ஒரு பழத்தைப் பிய்த்து அவர்கள் கையில் வைத்தார். அதற்குப் பிறகுதான் பேச்சு.

"தின்னு பாருங்க. மட்டியாக்கும், பிள்ளைக்குக் குடுக்கலாம். இது இன்னைக்கே தின்னணும். இது ரெண்டு நாள் கழியட்டும்."

சுஜி துள்ளி எழுந்தாள். "மாமா, என் கையில பழத்த வையுங்க. வச்சிட்டுச் சொல்லுங்க: ப்ளீஸ் டேஸ்ட்."

"ப்ளீஸ் டேஸ்ட்."

"இன்னொரு தடவ."

சாயங்காலம் ஆவதற்குள் மாமாவுக்கு நாலு வாக்கியம் வந்துவிட்டது. சுஜியின் வயிற்றுக்குள் ஒன்பது பழம் போய்விட்டது. ராத்திரிச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

சனிக்கிழமையும் சுஜி கடைக்கு வந்து அதே சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டாள். கறுப்புக் கண்ணாடி போட்ட மேடம் வந்தார். "குட் மார்னிங்."

மாமா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. நெற்றியில் வேர்வை.

பக்கத்துக் கடையிலிருந்து ராஜகுமார் எட்டிப் பார்த்தார். "மேடம், கம் ஹியர்."

மேடத்தின் கால் அந்தப் பக்கம் திரும்பியது. சுஜியின் நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது. அவள் பேசினால் ஆர்டர் கிடைத்துவிடும். ஆனால் மாமா அதற்கப்புறம் இங்கிலீஷில் வாயே திறக்கமாட்டார்.

உதட்டைக் கடித்துக்கொண்டாள். விரல் நீள மட்டிப் பழம் ஒன்றைப் பிய்த்து, மாமாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

மாமாவின் விரல்கள் பழத்தைப் பிடித்தன. கை தானாக நீண்டது.

"ப்ளீஸ் டேஸ்ட்."

மேடம் நின்றார். தோலை உரித்துக் கடித்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு கடி கடித்தார்.

"திஸ், ஃபார் பேபி. வெரி குட்" என்றார் மாமா. கை ஏத்தனுக்குத் தாவியது. "திஸ், டுடே ஈட். திஸ், டூ டேஸ்." அப்புறம் அவரை யாரால் நிறுத்த முடியும்?

திங்கள் முதல் தினமும் பழம் அனுப்பச் சொன்ன மேடம், சாக்கின் மேல் இருந்த சுஜியைப் பார்த்தார். "யுவர் டாட்டர்?"

"நோ மேடம்." மாமா நெஞ்சை நிமிர்த்தினார். "மை டீச்சர்."

அவள் சொல்லித் தராத வாக்கியம் அது.

மேடம் கையை நீட்டினார். பழப் பிசுக்கு ஒட்டிய கையைச் சுடிதாரில் அவசரமாகத் துடைத்துவிட்டு, சுஜி டீச்சர் கை குலுக்கினாள்.