சித்திரைப் பறுவத்தில் இரண்டாவது இலை

கேதீஸ்வரன் ஒரு வாழையிலைதான் வெட்டிக்கொண்டு வந்தவன். ஆனால் சுவாமி அறையில், செத்துப்போன அவனுடைய தாயின் படத்துக்கு முன்னால், இரண்டு இலைகள் விரிந்து கிடந்தன.

அவன் பெண்சாதி அருந்ததி கறிச்சட்டியோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். மாதாமாதம் முழுநிலவன்று வருகிற பறுவம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேரும் ஒரு காரியமும் உண்டு. தைப்பூசத்துக்குப் புதுநெல்லுச் சோறாக்கும் புதிர், கார்த்திகைக்கு விளக்கீடு, வைகாசி விசாகம் முருகனுக்கு. சித்திரைப் பறுவம் தாயை இழந்தவர்களுக்கு. தாய் உயிரோடு இருக்கிறவர்கள் அந்த விரதத்தைத் தொடவே கூடாதென்று அரியாலையில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அருந்ததியின் தாய் கமலாவதி பக்கத்து அறையில்தான் கிடக்கிறாள். பாரிசவாதம் வந்து பேச்சும் நடையும் போய் இரண்டு வருசம்.

கிணற்றடியிலிருந்து ஈரத்தலையோடு வந்த கேதீஸ்வரனிடம் கேட்டாள்.

"மற்ற இலை ஆருக்கு?"

"நான் ஒண்டுதான் போட்டனான். நீர் போட்டனீரோ?"

இல்லையென்று தலையாட்டினாள். பயம் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. தாயின் துணி அலம்பி, புண்ணுக்கு மருந்து கட்டி, புரட்டிப் படுக்கவைத்து, அவளுக்குள் எல்லாமே எப்போதோ மரத்துப்போயிருந்தது. அந்த இலையைச் சுருட்டிக்கொண்டுபோய்ப் பின்வளவில் எறிந்தாள். கடலேரிப் பக்கமிருந்து சேற்று மணத்தோடு காற்று வந்து, காவோலைகளைச் சரசரவென்று உரசிவிட்டு, யாரோ கை வைத்து அமர்த்தியதுபோல் நின்றது. பனைகளுக்கு மேலே நிலவு மஞ்சளாய்க் கிளம்பியிருந்தது.

திரும்பி வந்தபோது அந்த இரண்டாவது இலை அதே இடத்தில் இருந்தது. தண்ணீர் தெளித்து, சோறும் கத்தரிக்காய்க் கறியும் பருப்பும் படைத்திருந்தது. ஆவி பறந்தது.

கேதீஸ்வரன் சுவரோடு ஒட்டி நின்றான். அது தன் வேலையில்லை என்றான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"மாமியை ஒருக்காப் போய்ப் பாரும்."

அறை இருண்டு கிடந்தது. வேப்பெண்ணெய் மணம். கமலாவதி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், மத்தியானம் இவள் படுக்கவைத்த மாதிரியே. அருந்ததி காலைத் தொட்டாள். குளிர். முழங்காலை அசைத்துப் பார்த்தாள். விறைத்திருந்தது. உயிர் போய் நெடுநேரம்.

அழுகைக்காகக் காத்து நின்றாள். வரவில்லை.

அடுத்த அறையிலிருந்து கேதீஸ்வரன் கூப்பிட்டான். குரல் அவனுடையது மாதிரி இல்லை.

"அருந்ததி, மற்ற இலையிலை சோறு குறையுது."

அவள் தாயின் தோளைப் பிடித்துத் தன்பக்கம் புரட்டினாள். உடம்பு ஒரு பலகைபோலத் திரும்பியது. சன்னலால் விழுந்த நிலவு முகத்தில் பட்டது.

கண் இரண்டும் திறந்தபடி. பார்வை இல்லை. மூச்சும் இல்லை.

தாடை மட்டும் அசைந்தது. மெதுவாக. மென்று, விழுங்கி, அடுத்த கவளத்துக்கு வாய் திறந்தது.